சைக்கிள் கம்பெனி சிப் செய்யப் போனால் லாபம் வருமா?

அம்பத்தூரில் பஸ் ஏறினால் ‘டி.ஐ. சைக்கிள்’ ஸ்டாப்பைத் தாண்டாமல் போக முடியாது. முருகப்பா குழுமம் 1949-ல் அங்கே தொடங்கிய சைக்கிள் கம்பெனிதான் இன்றைய டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் அவர்களுடையதுதான். ஆனால் இன்று அந்தப் பங்கை வாங்குகிறவர் யாரும் சைக்கிளை நம்பி வாங்குவதில்லை.

‘பல தொழில் செய்தா ஒண்ணு படுத்தாலும் இன்னொண்ணு காப்பாத்தும்’ என்பார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். இந்த நிறுவனத்தின் ஆரம்பகால விரிவாக்கத்தைப் பாருங்கள்: சைக்கிளுக்கு டியூப் வேண்டும், ஆவடியில் டியூப் ஆலை. செயின் வேண்டும், 1960-ல் செயின் ஆலை. பிறகு அதே டியூபும் செயினும் பைக், கார் கம்பெனிகளுக்கும் போயின. கைவசம் இருந்த வித்தையை வைத்து அடுத்த படி ஏறினார்கள். சம்பந்தமே இல்லாத நிதி, இன்ஷூரன்ஸ் பிசினஸை 2017-ல் தனி நிறுவனமாகப் பிரித்தும் விட்டார்கள்.

பெரிய ஜாக்பாட் 2020-ல். மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர் செய்யும் சி.ஜி. பவர், கணக்கு முறைகேட்டில் சிக்கி மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. சுமார் 700 கோடி ரூபாய் போட்டு, பங்கு ஒன்று 8.56 ரூபாய் விலையில் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். வங்கிகளும் கடனில் தள்ளுபடி கொடுத்தன. 2024-ல் அந்தப் பங்கு 700 ரூபாயைத் தாண்டியது! சி.ஜி.யின் பொருளுக்கு மார்க்கெட் இருந்தது, வாடிக்கையாளர் இருந்தார்கள். கெட்டுப்போயிருந்தது பண நிர்வாகம் மட்டும். இவர்களுக்குத் தெரிந்ததும் அதுதான். ஆக, லாபம் வந்தது புதுத் தொழில் என்பதால் அல்ல. மலிவாக வாங்கியதாலும் சரிசெய்யத் தெரிந்ததாலும்.

இதே சென்னையில் ராயல் என்ஃபீல்டு கதை நேர் எதிர். அதன் தாய் நிறுவனமான ஐஷர், கையில் இருந்த 15 தொழில்களில் 13-ஐ விட்டுவிட்டு புல்லட்டையும் லாரியையும் மட்டும் பிடித்துக்கொண்டுதான் மேலே வந்தது.

இப்போது சி.ஜி., ஜப்பான், தாய்லாந்து கூட்டாளிகளோடு குஜராத் சனந்தில் சுமார் 7,600 கோடி ரூபாய் சிப் பேக்கேஜிங் திட்டத்தில் இறங்கியிருக்கிறது. அரசு மானியம் உண்டு, சரி. ஆனால் அந்த வித்தை இவர்கள் கையில் இல்லை, கூட்டாளி கையில்தான் இருக்கிறது. எனக்கு இடிப்பது இந்த இடம்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் போட்டு ஜாப் ஒர்க் செய்பவருக்கு செயின் ஆர்டர் சோறு போடும். சனந்து சிப் போடுமா?

நீங்கள் இந்தப் பங்கை வைத்திருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். காலாண்டு முடிவில் ‘கன்சாலிடேட்டட்’ லாபம் என்று பெரிதாகத் தெரிவதில் சி.ஜி.யின் முழு லாபமும் சேர்ந்திருக்கும். சி.ஜி. லாபத்தில் 40 சதவீதத்துக்கு மேல் சி.ஜி.யின் மற்ற பங்குதாரர்களுடையது. ‘ஸ்டாண்டலோன்’ பக்கத்தையும், செக்மென்ட் வாரியான கணக்கையும் தனியாகப் பாருங்கள். மோன்ட்ரா எலெக்ட்ரிக் ஆட்டோ செய்யும் துணை நிறுவனம் 2024-25-லும் நஷ்டத்தில்தான் ஓடியது. மொத்தக் கணக்கை மட்டும் பார்த்தால் அது கண்ணிலேயே படாது.