குறட்டை விடும் நாய்க்குட்டி

பக், புல்டாக், பிரெஞ்சு புல்டாக் முதலிய தட்டை முக நாய்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2003ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு செல்பேசி விளம்பரத்திற்குப் பின், பக் நாய் நம் நாட்டில் பல வீடுகளின் செல்லப்பிள்ளை ஆகிவிட்டது. அது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 'கர்... கர்...' என்று ஒலி எழுப்பும். நாமும் அதைக் கண்டு சிரிக்கிறோம். அது சிரிக்க வேண்டிய ஒலிதானா?

அழகு என்று கருதி, குட்டை முக நாய்களையே தலைமுறை தலைமுறையாக மனிதன் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்தான். முக எலும்பு குறுகியது. ஆனால் உள்ளிருக்கும் தசைகள் அதே அளவில் குறுகவில்லை. பெரிய பெட்டித் துணிகளைச் சிறிய பெட்டியில் திணித்தது போலாயிற்று. மூக்குத் துளைகள் வெறும் கீற்றுகளாயின. மென்அண்ணம் நீண்டு தொண்டையை அடைக்கிறது.

இங்கே இயற்பியல் குறுக்கிடுகிறது. குழாயில் சீராக ஓடும் பாய்மத்திற்கு ஏற்படும் தடை, குழாயின் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அமையும் என்பது பாய்சொய் விதி. ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகும்! நாயின் மூக்கு நேரான குழாய் அன்று. ஆகவே இக்கணக்கு அங்கே அப்படியே பொருந்தாது. ஆயினும் சிறு குறுக்கமும் பெருந்தடையாகும் என்பதை இதிலிருந்து உணரலாம். தடையை வெல்ல நாய் பலமாக மூச்சை இழுக்கிறது. உள்ளே அழுத்தம் குறைந்து, மென்தசைகள் உட்புறம் இழுக்கப்பட்டு, வழி மேலும் சுருங்குகிறது. காகித உறிஞ்சுகுழலைப் பலமாக உறிஞ்சினால் அது ஒட்டிக்கொள்கிறது அல்லவா? அதைப் போன்றதே இது.

நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, நீரை ஆவியாக்கியே அது உடலைக் குளிர்விக்கிறது. மூச்சுவழி அடைபட்ட நாய் சித்திரை வெயிலில் என்ன செய்யும்? வெப்பத்தாக்கால் அது இறக்கவும் கூடும்.

இக்குறையைக் கண்டறிய, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் வகுத்த முறை ஒன்று 2019 முதல் பிரிட்டனில் நடைமுறையில் உள்ளது. நாயை 3 நிமிடம் மெல்ல ஓடவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் ஸ்டெதாஸ்கோப்பால் மூச்சொலியைக் கேட்டு, 0 முதல் 3 வரை தரமிடுகிறார்கள். தேவைப்பட்டால் அறுவை செய்து மூக்குத் துளையை அகலமாக்கலாம், மென்அண்ணத்தைக் குறைக்கலாம். நாய் ஓரளவு நலம் பெறும். ஆனால் அதன் குட்டி மீண்டும் அதே மூக்குடன்தான் பிறக்கும்!

எனவே கத்தியால் மட்டும் இதைத் தீர்க்க இயலாது என்பது என் கருத்து. மூக்கு மிகக் குட்டையான நாய்களை இனப்பெருக்கம் செய்வதற்கு நெதர்லாந்து கடும் கட்டுப்பாடு விதித்துள்ளது. நம்மிடம் அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. வாங்குவோர் இல்லாவிட்டால் விற்போரும் குறைவர்.

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டில் பக் நாய் ஏற்கெனவே இருந்தால் அன்போடு பேணுங்கள். எடை கூடவிடாதீர்கள். வெயிலில் அழைத்துச் செல்லாதீர்கள். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை கட்டுங்கள். குறட்டை கேட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். புதிதாக நாய் வளர்க்க ஆசையா? தடையின்றி மூச்சுவிடும் நாட்டு நாய்க்குட்டி ஒன்றை உங்கள் தெருவிலேயே தேடிப் பாருங்கள்.