ஜிலேபி வாய்க்கு எந்தத் தூண்டில்?

“எங்கள் 20 சென்ட் பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் விட்டிருக்கிறோம். வாய்க்கால் தண்ணீரோடு ஜிலேபிக் குஞ்சுகளும் வந்து பெருகிவிட்டன. அவை கையகலத்துக்கு மேல் வளர்வதே இல்லை. கெண்டைகளுக்குப் போடும் தவிட்டையும் பிண்ணாக்கையும் இவைதான் தின்கின்றன. வெளிநாட்டில் இருக்கும் மருமகன், ஒரு பெட்டி நிறைய ரப்பர் புழுக்களும் ஈயத்தலை வைத்த முட்களும் அனுப்பியிருக்கிறார். உறையில் ‘பேன் ஃபிஷ்’ என்று போட்டிருக்கிறது. பேரன் ஒரு வாரமாக வீசுகிறான், ஒன்றுகூட மாட்டவில்லை. எந்த முள், எந்தப் புழு போட வேண்டும்? தூண்டில் போட்டே ஜிலேபியைக் குறைத்துவிட முடியுமா?”

- வாசகி, திருவாரூர் மாவட்டம்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். தூண்டிலால் மட்டும் குறைக்க முடியாது. அதற்குக் காரணம் ஜிலேபியின் வாயிலேயே இருக்கிறது.

ஆண் ஜிலேபி குட்டையின் அடியில் குழி பறிக்கும். பெண் அதில் முட்டையிட்டு, பிறகு முட்டைகளை வாயில் அள்ளி வைத்துக்கொள்ளும். குஞ்சு பொரித்துத் தானாக நீந்தும்வரை வாய்க்குள்ளேயே காப்பாற்றும். அந்த நாட்களில் அது பெரும்பாலும் இரை எடுப்பதில்லை. எனவே, இனத்தைப் பெருக்கும் மீன் தூண்டில் பக்கமே வராது. ஆண்களும் வாய் காலியாக உள்ள பெண்களும்தான் மாட்டும். நெருக்கடியான குட்டையில் கையகலம்கூட இல்லாத மீனே முட்டையிடத் தொடங்கிவிடும். தின்றதெல்லாம் முட்டையாகப் போவதால் உடம்பு வளர்வதில்லை. பிடித்த சிறு மீன்களின் வாயைத் திறந்து பாருங்கள். முட்டையோ குஞ்சோ இருந்தால், குட்டை அந்த நிலைக்கு வந்துவிட்டது என்று பொருள்.

ஆனாலும் தூண்டில் வீண் இல்லை. வீட்டுக் குழம்புக்கு மீன் கிடைக்கும். குட்டைக்குள் என்ன அளவில் மீன் இருக்கிறது என்று வலை இழுக்காமலே தெரிந்துகொள்ளலாம்.

பேரனுக்கு ஏன் மாட்டவில்லை?

‘பேன் ஃபிஷ்’ என்பது ஒரே மீனின் பெயர் அல்ல. வாணலியில் முழுதாகப் போட்டுப் பொரிக்கும் அளவுள்ள மீன்களுக்கு அமெரிக்காவில் வழங்கும் பொதுப் பெயர். ப்ளூகில், கிராப்பி ஆகியவை அவற்றில் முக்கியமானவை. அங்கே பண்ணைக்குட்டைகளில் ப்ளூகில் அளவுக்கு மீறிப் பெருகி, வளராமல் நின்றுவிடுவது பழைய தொல்லை. அந்த மீன்கள் பூச்சியையும் சிறு மீனையும் கண்ணால் பார்த்துப் பிடிப்பவை. தண்ணீரில் நெளிந்தபடி இறங்கும் ரப்பர் புழுவை இரை என்று நம்பி வந்து கடிக்கும்.

ஜிலேபி அப்படி இல்லை. பாசியையும் அடிமண்ணில் மட்கிய பொருளையும் மேய்ந்து தின்பதுதான் அதன் வழக்கம். வாசனை இல்லாத ரப்பரைத் துரத்திக்கொண்டு வருவது அபூர்வம். அதனால் பெட்டியில் உள்ளதைத் தேர்ந்தெடுத்து, நம் குட்டைக்கு ஏற்றபடி மாற்றிப் போட வேண்டும்.

எடை: ஈயத்தலை முள்ளை ‘ஜிக்’ என்பார்கள். அதன் எடை உறையில் அவுன்ஸில் இருக்கும். 1/64 என்றால் அரை கிராமுக்கும் சற்றுக் குறைவு. 1/32 என்றால் சுமார் 0.9 கிராம். 1/16 என்றால் சுமார் 1.8 கிராம். ஐந்தாறு அடி ஆழக் குட்டைக்கு முதல் இரண்டும் போதும். காற்று வீசும் நாளில் மட்டும் 1/16 போடலாம். அதற்கு மேல் எடை இருந்தால், மீன் பார்ப்பதற்குள் முள் சேற்றில் புதைந்துவிடும்.

முள்: முள்ளின் எண் கூடக்கூட அளவு சிறியதாகும். ஜிலேபிக்கு வாய் சிறியது. 8 அல்லது 10-ம் எண் முள் பொருந்தும்.

புழு: ஒரு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். நீளமாக இருந்தால் மீன் வாலை மட்டும் கடித்து இழுக்கும், முள் வாய்க்குள் போகாது. பெரிய புழுவைக் கத்தரியால் வெட்டிக்கொள்ளலாம். சுருள்வால் புழு ஓட்டத்தில்தான் நெளியும். அசையாமல் தொங்கவிடுவதற்கு நேர்வால் புழுவே நல்லது. முள்ளில் கோக்கும்போது புழு வளையாமல் நேராக இருக்கட்டும். வளைந்திருந்தால் தண்ணீரில் சுழன்று நரம்பை முறுக்கிவிடும்.

நிறம்: கடைக்காரர்கள் முதலில் காட்டுவது நிறத்தை. பார்க்க வேண்டியதோ கடைசியாக. கலங்கிய தண்ணீரில் கறுப்பு அல்லது பளிச்சென்ற மஞ்சள்பச்சை, தெளிந்த தண்ணீரில் பழுப்பு அல்லது மங்கிய பச்சை என்று வைத்துக்கொண்டால் போதும்.

இனி முக்கியமான மாற்றம். ரப்பர் புழுவின் நுனியில் அரை அங்குலம் மண்புழுவைக் கோத்துவிடுங்கள். ரப்பரையே கழற்றிவிட்டு, ஈயத்தலை முள்ளில் மண்புழுவையோ பிசைந்த மாவையோ வைத்தால் இன்னும் நல்லது. மெல்லிய நரம்பில் நெட்டித் தக்கை கட்டி, முள் தரையிலிருந்து அரை அடி மேலே தொங்கும்படி வையுங்கள். வீசி வீசி இழுக்க வேண்டாம். தினமும் தீவனம் போடும் மூலையில், போடும் நேரத்தில் இறக்கிவிட்டுக் காத்திருந்தால் போதும். தக்கை லேசாகச் சாய்ந்தாலும் தூக்கிவிட வேண்டும். ஜிலேபி இரையை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு உடனே துப்பிவிடும்.

ரோகுவும் மிர்காலும்கூட மாட்டலாம். முள்ளின் எதிர்முள்ளைக் குறடால் அமுக்கிவிட்டால், அவற்றைக் காயமில்லாமல் திரும்ப விடலாம். பேரனின் விரலில் குத்தினாலும் எளிதில் எடுக்கலாம்.

குட்டையைச் சரிசெய்வது எப்படி?

தண்ணீர் வரும் வழியில் நெருக்கமான கண்ணுள்ள வலையை இரண்டு அடுக்காகக் கட்டுங்கள். இது இல்லாமல் மற்றதெல்லாம் செய்தும் பயனில்லை. அடுத்து, சிறுகண் வலையை அடிக்கடி இழுத்து ஜிலேபியை வெளியேற்றுங்கள். கெண்டைகள் நன்றாக வளர்ந்து, விராலின் வாய்க்குள் நுழையாத அளவுக்கு வந்த பிறகு, சில விரால் குஞ்சுகளை விடலாம். அவை ஜிலேபிக் குஞ்சுகளைத் தின்று வளரும். கெண்டைகள் சிறியதாக இருக்கும்போது விட்டால் அவற்றையும் தின்றுவிடும். ஜிலேபியைத் தின்னட்டும் என்று ஆப்பிரிக்கக் கெளுத்தியை யாராவது தர வந்தால் வாங்காதீர்கள். அதை வளர்க்கத் தடை இருக்கிறது.

அறுவடை முடிந்ததும் கோடையில் குட்டையை முழுதாக வற்றவைத்து, தரை வெடிக்கும்வரை காயவிடுங்கள். ஒரு பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர் நின்றாலும் நாலு ஜிலேபி பிழைத்திருக்கும். மறுபடி கதை தொடங்கிவிடும். எத்தனை விரால், எவ்வளவு சுண்ணாம்பு என்பதை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் குட்டையின் அளவைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம்.

விரால் பெரிதானதும் பேரனுக்கும் வேலை வரும். அது கண்ணால் பார்த்துப் பாயும் மீன். முள் உடம்போடு ஒட்டியிருக்கும் ரப்பர் தவளையை அல்லி இலைகளின் மேல் தத்தவிட்டு இழுத்தால், வந்து அடிக்கும். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வரும் இடத்தில் மட்டும் வீசக் கூடாது. தாயும் தகப்பனும் காவல் இருக்கும் இடம் அது.

“ரப்பர் புழுக்கள் பெட்டியிலேயே உருகி ஒட்டிக்கொண்டன. அவற்றைக் குட்டையில் போட்டுவிடலாமா? எங்களிடம் வாத்துகளும் இருக்கின்றன.”

- வாசகர், கடலூர் மாவட்டம்.

போடவே கூடாது. அது மண்புழு மாதிரி மட்காது. மீன் விழுங்கினால் செரிக்காமல் வயிற்றிலேயே தங்கிவிடும். வெவ்வேறு வகைப் புழுக்களை ஒரே பெட்டியில் கலந்தாலும், வெயிலில் வைத்தாலும் இப்படித்தான் உருகும். அவை வந்த உறையிலேயே தனித்தனியாக, நிழலில் வையுங்கள்.

வாத்து இருக்கும் குட்டையில் இன்னொரு ஆபத்து ஈயம். சேற்றைத் துழாவும் வாத்து, அறுந்து விழுந்த ஈயக்குண்டைக் கல் என்று விழுங்கிவிடும். ஈயம் நஞ்சு. அன்னங்கள் இப்படிச் செத்ததால்தான் பிரிட்டனில் சிறு ஈயக்குண்டுகளுக்கு 1987-ல் தடை வந்தது. ஈயத்தலை முள்ளை ஒதுக்கிவிட்டு, வெறும் முள்ளும் சிறிய இரும்பு நட்டும் கட்டிக்கொள்ளுங்கள். ஈயக்குண்டைப் பல்லால் கடித்து நரம்பில் இறுக்கும் பழக்கம் பிள்ளைகளிடம் உண்டு. அதையும் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.