காணாமல் வரையப்படும் ஸ்டார்ச் மணிகள்

இந்தியாவின் மேல்நிலைப் பள்ளிகள் பலவற்றில் உருளைக்கிழங்கின் ஸ்டார்ச் மணிகள் நுண்ணோக்கியின் அடியில் இருப்பதில்லை. ரெக்கார்டு நோட்டின் இடப்பக்கத்தில் மட்டுமே இருக்கின்றன. மூத்த மாணவரின் நோட்டிலிருந்து பென்சிலால் படியெடுக்கப்பட்டு, ஆசிரியரின் கையொப்பம் பெற்று, மதிப்பெண்ணாகிவிடுகின்றன. கண்ணுக்கு இதில் வேலையே இல்லை. இதற்குச் செய்முறைப் பயிற்சி என்று பெயர்!

இதற்குப் பெரும் செலவு எதுவும் தேவையில்லை. பிளேடால் மெல்லியதாகச் சீவிய கிழங்குத் துண்டு, ஒரு சொட்டு நீர், கண்ணாடித் தகடு, நீர்த்த அயோடின் ஒரு துளி, இவை போதும். செல்களுக்குள் முட்டை வடிவ மணிகள் நிறைந்திருப்பது தெரியும். பெரிய மணியின் நீளம் 100 மைக்ரோமீட்டர் வரை செல்லும். அதன் மையம் நடுவில் இல்லாமல் ஒரு முனையை ஒட்டியிருக்கும். அதைச் சுற்றி வளையங்கள் விரியும். அரிசியிலோ அதே பொருள் 10 மைக்ரோமீட்டருக்கும் சிறிய, கோணங்கள் கொண்ட துணுக்குகளாக நெருங்கிக் கிடக்கும்.

காணாமல் கற்பதன் கேடு இங்கே வெளிப்படுகிறது. அயோடின் பட்டால் ஸ்டார்ச் கருநீலமாகும் என்பது நாடு முழுவதும் ஒப்பிக்கப்படும் வாய்பாடு. ஆனால் பிகு விழாவின்போது அஸ்ஸாமில் பிட்டா செய்யப் பயன்படும் போரா அரிசி பசைத்தன்மை மிக்கது. அதில் அமைலோஸ் மிகக் குறைவு. அயோடினைத் தன் சுருளுக்குள் ஏற்று நீலம் காட்டுவது அமைலோஸ்தான். கிளைத்த அமைலோபெக்டின் மட்டுமே மிகுந்திருந்தால் நிறம் செம்பழுப்பாகும். தன் வீட்டு அரிசியைச் சோதித்து, கண்டதைக் கண்டவாறு எழுதும் மாணவி தவறிழைத்தவளாகிறாள்; காணாமலேயே கருநீலம் என்று எழுதியவன் முழு மதிப்பெண் பெறுகிறான். உண்மைக்குத் தண்டனையும் பொய்க்குப் பரிசும் வழங்கும் முறையை அறிவியல் கல்வி என்று எப்படி அழைப்பது?

பாடநூலைக் குறை கூறவும் இயலாது. என்.சி.இ.ஆர்.டி.யின் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் நூல், பட்டாணி விதையின் ஸ்டார்ச் மணியைக் கொண்டே ஒரு நுட்பமான கருத்தை விளக்குகிறது. கலப்புயிரி விதை பார்வைக்கு உருண்டையாகவே இருக்கும். ஆனால் அதன் ஸ்டார்ச் மணிகள் இடைப்பட்ட அளவில் இருக்கும். விதையின் வடிவத்தைப் பார்த்தால் முழு ஓங்குதன்மை. மணியின் அளவைப் பார்த்தால் முழுமையற்ற ஓங்குதன்மை. எதைக் காண்கிறோம் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது என்று கற்பிக்கும் பத்தியை, எதையும் காணாமலேயே மனப்பாடம் செய்யவைக்கிறார்கள்.

கருவி இல்லை என்ற சாக்கு இனி செல்லாது. மீரட்டில் பிறந்த மனு பிரகாஷின் ஆய்வுக்குழு, ஒரு டாலருக்கும் குறைந்த செலவிலான உதிரிப் பொருட்களால் காகித நுண்ணோக்கி செய்யலாம் என்று 2014இல் காட்டிவிட்டது. உருளைக்கிழங்கின் மணிகளைக் காண அது தாராளம். பல பள்ளிகளிலோ வாங்கிய நுண்ணோக்கிகளே அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன. குறை தேர்வு முறையில் இருக்கிறது. மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வில் செய்முறைக்கு இடமே இல்லை. மத்திய வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் செய்முறைக்கு 30 மதிப்பெண் உண்டு; அதைக் காணாத படங்களுக்கு வாரி வழங்கினால் அந்த 30க்கு என்ன பொருள்?

மாற்றம் எளிது. பெயர் எழுதாத மூன்று மாவுகளைத் தேர்வு மேசையில் வைக்கட்டும்: உருளைக்கிழங்கு, அரிசி, கோதுமை. கோதுமையில் பெரிய வில்லை வடிவ மணிகளும் சிறிய உருண்டை மணிகளும் கலந்திருக்கும். கண்டவர் எளிதில் பிரித்தறிவார். எது எது என்று சொல்லவும், அதற்கான காரணத்தைத் தாம் கண்டதிலிருந்து எழுதவும் கேட்கட்டும். மூத்த மாணவரின் நோட்டு அங்கே உதவாது. எதிர்பாராத நிறத்தைக் கண்டு எழுதியவருக்கு, ஏன் அவ்வாறு வந்தது என்று மறுகேள்வி கேட்கப்படட்டும். சிவப்பு மையால் அடிக்கப்பட வேண்டாம்.

நாளை திசுவைப் பார்த்து நோயைக் கண்டறியப்போகும் மருத்துவர் இன்று இந்த வகுப்பில்தான் அமர்ந்திருக்கிறார். காணாததைக் கண்டதாக எழுதும் பழக்கத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்து அனுப்புவது யார் செய்யும் பிழை?