ஸ்பீட் டெஸ்ட்டுல நூறு, கடைமடையில சொட்டு

"100 எம்பிபிஎஸ் ப்ளான் போட்டிருக்கேன் மச்சி, டோரன்ட் மட்டும் 200 கேபியைத் தாண்ட மாட்டேங்குது. நெட்டுக்காரன் ஏமாத்துறான்." நம்ம வகுப்புல அடிக்கடி யாராவது ஒருத்தர் இந்தப் புலம்பலோட வந்துடுறாங்க. கூடவே ஆதாரத்துக்கு ஒரு ஸ்பீட் டெஸ்ட் ஸ்க்ரீன்ஷாட் வேற. ஏமாத்துறான்கிறது பாதி உண்மைதான். ஆனா எதுல ஏமாத்துறான்னு தெரியாம சம்பந்தமே இல்லாத இடத்துல நின்னு கத்திக்கிட்டு இருக்கோம்கிறதுதான் என் கடுப்பு.

முதல்ல கணக்கு. ப்ளான்ல போட்டிருக்கிறது மெகாபிட். டோரன்ட் சாஃப்ட்வேர் காட்டுறது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தா ஒரு பைட். அதனால 100-ங்கிறது 12.5 மெகாபைட், வழிச்செலவு போக 11 சொச்சம். 11 வந்துக்கிட்டு இருக்கும்போதே கஸ்டமர் கேருக்கு போன் போட்டுத் திட்டுறவங்க இந்தப் பாராவோட கிளம்பிடலாம் :-)

அடுத்தது ஸ்பீட் டெஸ்ட். அது எதை அளக்குதுன்னு யோசிச்சிருக்கீங்களா? பக்கத்துல இருக்கிற ஒரு சர்வருக்கும் உங்களுக்கும் நடுவுல உள்ள தூரத்தை மட்டும். பல நேரம் அந்த சர்வர் உங்க கம்பெனியோட நெட்வொர்க்குக்குள்ளயே உட்கார்ந்திருக்கும். ஜூன் 12-ல மேட்டூரைத் திறந்து, மூணு நாலு நாள்ல கல்லணைக்குத் தண்ணி வந்ததும் பூவும் நெல்லும் தூவி போட்டோ எடுத்து 'டெல்டாவுக்குத் தண்ணி வந்தாச்சு'ன்னு பேப்பர்ல போடுவாங்களே, அந்தக் கதைதான். கல்லணையில அளந்தா தண்ணி நிறையத்தான் இருக்கும். சேதுபாவாசத்திரத்துலயும் தலைஞாயிறுலயும் போய் அளந்து பாருங்க. கடைமடை விவசாயிகிட்ட கல்லணை ஷட்டர் போட்டோவைக் காட்டினா என்ன சொல்லுவார்னு உங்களுக்கே தெரியும்.

டோரன்ட்ல சர்வர்னு ஒருத்தர் கிடையாது. 2001-ல பிராம் கோஹன் எழுதின ஐடியாவே அதுதான். ஃபைலைத் துண்டு துண்டா வெட்டி, வாங்குறவங்களே கொடுக்குறவங்களாவும் இருக்கிற ஏற்பாடு. உங்க டவுன்லோடு வேகம்கிறது வேற யாரோ முகம் தெரியாத ஆளோட அப்லோடு வேகம். ரெண்டு சீடர் மட்டும் இருக்கிற பழைய ஃபைலை நீங்க 1000 எம்பிபிஎஸ்ல இழுத்தாலும் அந்த ரெண்டு பேரோட வாய்க்கால்ல என்ன வருதோ அதுதான் வரும். இதைச் சோதிக்கிறது ரொம்ப சுலபம். டெபியன் இல்லன்னா உபுண்டுவோட லேட்டஸ்ட் வெளியீட்டை, அவங்களே சட்டப்படி கொடுக்கிற டோரன்ட்ல போட்டுப் பாருங்க. அது முழு வேகத்துல வந்தா லைன்ல கோளாறு இல்லை, நீங்க இழுக்கிற ஃபைலுக்கு ஆள் இல்லை. அதுவும் நொண்டினா மட்டும் மேல படிங்க.

நொண்டுதா? சரி. இப்ப ஒரு புண்ணியவான் வந்து "அப்லோடை ஜீரோ ஆக்கு, டவுன்லோடு பறக்கும்"னு சொல்லுவார். ஹாஸ்டலுக்கு ஹாஸ்டல் இந்த மூடநம்பிக்கை ஓடுது. பிட்டோரன்ட் முறை வச்சுத் தண்ணி விடுற மாதிரி வேலை செய்யுது. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் பத்து செகண்டுக்கு ஒரு தடவை கணக்குப் பார்க்கும். யார் எனக்கு நிறைய கொடுத்தாங்களோ அவங்களுக்கு நானும் கொடுப்பேன், மத்தவங்களுக்கு மடையை அடைச்சிடுவேன். புதுசா வந்தவன் பிழைச்சுப் போகட்டும்னு முப்பது செகண்டுக்கு ஒரு தடவை ஒரே ஒருத்தருக்கு மட்டும் சும்மா திறந்து விடும். அப்லோடை அடைச்சவர் அந்தத் தர்ம மடையையும், ஃபைலை முடிச்சுட்டுச் சும்மா கொடுத்துக்கிட்டு இருக்கிற சீடர்களையும் நம்பித்தான் உட்கார்ந்திருக்கணும். அதுக்காக அப்லோடை அளவில்லாமத் திறந்து விட்டாலும் தப்பு. "துண்டு வந்து சேர்ந்தது"ன்னு நம்ம கம்ப்யூட்டர் திருப்பி அனுப்புற ஒப்புகைச் சீட்டும் அதே அப்லோடு வழியாத்தான் போகணும், அங்க நெரிசல் ஆனா டவுன்லோடும் சேர்ந்து படுத்துடும். உங்க அப்லோடு வேகத்துல முக்காலிலிருந்து எண்பது சதவீதம் வரைக்கும் வைங்க. 'டோரன்ட் பூஸ்டர்'னு வர்ற சமாச்சாரங்களைத் தொடாதீங்க, வைரஸைத்தான் வேகமா இறக்கும். மலிவு ரவுட்டர் வச்சிருந்தா மொத்த கனெக்‌ஷன் எண்ணிக்கையை 200 பக்கம் இறக்குங்க, ஆயிரம்னு வச்சா அது மூச்சு முட்டித் தொங்கிடும். ஒரு தடவையாவது வைஃபையை விட்டுட்டு கேபிள் சொருகிப் பாருங்க.

இதெல்லாம் செஞ்சும் வரலையா? இப்பத்தான் சண்டைக்கான நிஜ இடத்துக்கு வந்திருக்கோம்.

ரவுட்டரோட பக்கத்துக்குள்ள போய் வெளி ஐபி என்னன்னு பாருங்க. 100.64-ல ஆரம்பிச்சு 100.127 வரைக்குள்ள ஒரு எண் இருந்தா, அய்யா, உங்களுக்குச் சொந்த முகவரி கிடையாது. 10-ல ஆரம்பிச்சாலும் அப்படித்தான். ஐபி எண் பழைய முறையில மொத்தமே சுமார் 430 கோடிதான் உண்டு. உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரியில தீர்ந்துச்சு. ஆசியாவுக்குப் பிரிச்சுக் கொடுக்கிற அமைப்பு அதே ஏப்ரல்லயே கடைசிப் பானையைச் சுரண்ட ஆரம்பிச்சாச்சு. அதனால கம்பெனிகள் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னாடி அடைக்கிறாங்க. கேரியர் கிரேடு நாட்-ன்னு பேரு. அந்த 100.64 வரிசையை இந்த வேலைக்குன்னே 2012-ல ஒதுக்கினாங்க. இதுல நீங்க வெளிய போய் யார் கதவையும் தட்டலாம். உங்க கதவை யாரும் தட்ட முடியாது. ரவுட்டர்ல போர்ட் திறந்து விடுன்னு நூறு பேர் சொல்லுவாங்க. திறக்க வேண்டிய கதவு உங்க வீட்டுலயே இல்லையே, எதைத் திறக்கிறது?

இதனால யாருக்கு நஷ்டம்னு பாருங்க. பெரிய ஊர் ஃபைலுக்கு எங்கேயோ ஐரோப்பாவுல கதவு திறந்த ஆயிரம் பேர் இருப்பாங்க, பிரச்சினை தெரியாது. ஒரு பழைய தமிழ்ப் புத்தக ஸ்கேன், யாரோ ரெக்கார்டு பண்ணின தவில் கச்சேரி, அதை யார் வச்சிருப்பா? கும்பகோணத்துல ஒருத்தர், மன்னார்குடியில ஒருத்தர். ரெண்டு பேரும் முகவரி இல்லாதவங்க. தஞ்சாவூர்ல இருக்கிற நீங்களும் முகவரி இல்லாதவர். மூணு பேருக்கும் நடுவுல அம்பது கிலோமீட்டர் கூட இல்லை, ஆளுக்கு 100 எம்பிபிஎஸ் இருக்கு, ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட முடியாது. நடுவுல மூணாவது ஆள் அறிமுகம் பண்ணி வச்சாச் சில நேரம் ஒட்டும், பல நேரம் ஒட்டாது. கொடுக்க மனசு இருக்கிறவனையும் வாங்க மட்டுமே தெரிஞ்சவனா மாத்தி வச்சிருக்காங்க.

இதைச் சட்டமும் கண்டுக்கலை. 2004 பிராட்பேண்ட் கொள்கை, எப்பவும் இணைப்புல இருக்கணும், டவுன்லோடு குறைஞ்சது 256 கேபிபிஎஸ் இருக்கணும்னு சொல்லிச்சு. 2023-ல அந்த அளவை 2 எம்பிபிஎஸ் ஆக்கினாங்க. அப்பவும் டவுன்லோடு மட்டும்தான். அப்லோடு எவ்வளவு, முகவரி உண்டா இல்லையா, பேச்சே இல்லை. தண்ணி உள்ள வர்ற வாய்க்காலுக்கு அளவு வச்சுட்டு வடிகாலை மறந்த கதை. வடிகால் இல்லாத வயல் என்னாகும்னு மார்கழி மழையில பயிர் முங்கினதைப் பார்த்த ஊர்க்காரங்களுக்கு நான் சொல்ல வேணாம்.

போன் போட்டுக் கேட்டா "டோரன்ட்டா சார்? அதுக்கெல்லாம் சப்போர்ட் கிடையாது"ன்னு ஒரு குரல், திருட்டுப் பயலைப் பார்த்த மாதிரி. இந்தக் கெட்ட பேருக்கு ஒரு வரலாறு இருக்கு. 2012-ல '3' படம் வந்தப்போ சென்னை உயர் நீதிமன்றத்துல தடை வாங்கினாங்க. நெட் கம்பெனிகள் பைரேட் பே மட்டுமில்ல, விமியோ மாதிரி நல்ல தளங்களையும் மொத்தமா மூடிட்டாங்க. திருட்டுப் பிரதி இருக்கிற குறிப்பிட்ட பக்கங்களை மட்டும்தான் மூடணும்னு அதே நீதிமன்றம் ஜூன்ல விளக்கம் சொல்ல வேண்டியதாப் போச்சு. திருட்டுப் படம் இறக்கிறதுக்கு நான் வக்காலத்து வாங்கலை. கத்தியால பழமும் நறுக்கலாம்கிறேன், அவ்வளவுதான்.

"வேணும்னே அமுக்குறாங்க"ன்னு சொல்றவங்களுக்கும் ஒண்ணு. அமுக்குறது நடந்திருக்கு. அமெரிக்காவுல காம்காஸ்ட் 2007-ல பொய்யான துண்டிப்புச் செய்தி அனுப்பி டோரன்ட்டை அறுத்துச்சு. அசோசியேட்டட் பிரஸ் நிருபர்கள் பைபிளை டோரன்ட்ல அனுப்பிப் பார்த்து அதைக் கையும் களவுமாப் பிடிச்சாங்க. பைபிளுக்கே அந்தக் கதி! இந்தியாவுல 2018-லிருந்து பாரபட்சமா வேகத்தைக் குறைக்கக் கூடாதுங்கிறது விதி, நியாயமான நெரிசல் மேலாண்மைக்கு மட்டும் விலக்கு. அதனால கத்துறதுக்கு முன்னாடி அவங்க மாதிரி சோதிங்க. ஒரே உபுண்டு ஃபைலை என்க்ரிப்ஷன் இல்லாமலும் கட்டாய என்க்ரிப்ஷனோடயும், ராத்திரி பத்து மணிக்கும் விடியக்காலை நாலு மணிக்கும் இறக்கிக் குறிச்சு வைங்க. நாலு மணிக்கு மட்டும் பறந்தா அது சதி இல்லை, தெருவே ஒரே குழாயில குடிக்குது. என்க்ரிப்ஷன் போட்டதும் பறந்தா, அப்ப எழுத்துல புகார் கொடுங்க.

முகவரி இல்லாதவங்களுக்கு இப்போதைக்கு ரெண்டு வழி. ஒண்ணு ஐபிவி6. அதுல எண்ணுக்குப் பஞ்சமே இல்லை. ரவுட்டர்லயும் க்யூபிட்டோரன்ட்லயும் அதைப் போட்டு, ரவுட்டர் ஃபயர்வால்ல உங்க டோரன்ட் போர்ட்டை மட்டும் அனுமதிங்க. எதிர்ல இருக்கிறவர்கிட்டயும் அது இருந்தா நேராப் பேசலாம். இன்னொண்ணு, காசு கட்டி பப்ளிக் ஐபி வாங்குறது. சில கம்பெனி கொடுக்குது, சில கம்பெனிக்குக் கேள்வியே புரியாது. அடுத்த தடவை கனெக்‌ஷன் போட வர்ற தம்பிகிட்ட "எவ்வளவு எம்பிபிஎஸ்?"னு கேட்காதீங்க, அதை நோட்டீஸ்லயே போட்டிருப்பான். "அப்லோடு எவ்வளவு, பப்ளிக் ஐபி உண்டா, ஐபிவி6 உண்டா"ன்னு கேளுங்க. முழிச்சார்னா மேனேஜர் நம்பரை வாங்கிக்கங்க.