மைலேஜை மட்டும் பார்த்தா ஏரோபிளேன் கணக்கும் தப்பும்!



போன மாசம் என் காலேஜ் ஃப்ரெண்ட் ஒருத்தன் அமெரிக்காவிலிருந்து ஒரு எக்ஸெல் ஷீட் அனுப்பினான். "மச்சி, நீதான் சிஏ ஆச்சே, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லு"ன்னான். இப்படி எனக்கு வர்றது வழக்கமா வீட்டு லோன், இல்லைன்னா டேக்ஸ் கணக்கு. இதுல முதல் வரியே "என்ஜின்: லைகமிங்கா, ரோட்டரியா?"

விஷயம் இதுதான். அமெரிக்காவில் தனி ஆள் தன் வீட்டு கராஜிலேயே விமானம் கட்டலாம். சட்டத்தில் அதுக்குன்னு தனிப் பிரிவே இருக்கு. வேலையில் பெரும்பகுதியைத் தங்களோட கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுறவங்களே செஞ்சிருக்கணும் என்பது நிபந்தனை. 51 சதவீத விதின்னு சொல்வாங்க. 1953-ல் ஈஏஏ என்ற சங்கம் ஆரம்பிச்சதே இவங்களுக்காகத்தான். வருஷா வருஷம் ஜூலையில் விஸ்கான்சின் மாநிலம் ஆஷ்கோஷில் அவங்க நடத்துற விமானக் கண்காட்சி உலகப் பிரசித்தம்.

நம்ம ஆள் ரெண்டு சீட் கிட் ஒண்ணு வாங்கி, இறக்கை வரைக்கும் கட்டி முடிச்சுட்டான். இப்போ என்ஜின் வாங்கணும். பணம் எங்கிருந்து? வீட்டு டவுன் பேமென்ட்டுக்குன்னு அவனும் அவன் மனைவியும் சேர்த்து வெச்சதிலிருந்து. அதனாலதான் ஷீட் என்கிட்ட வந்தது. அனுப்பச் சொன்னது அவன் மனைவி!

ரெண்டு என்ஜின், ரெண்டு குணம்

முதல் சாய்ஸ், லைகமிங் ஓ-320. நாலு சிலிண்டர், சுமார் 5.2 லிட்டர், 160 குதிரைத்திறன், காத்திலேயே குளிரும். பல வருஷமா விமானத்தில் ஓடி நிரூபிச்ச டிசைன். விலைதான் கண்ணைக் கட்டும்.

ரெண்டாவது, மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரில் வந்த 13பி ரோட்டரி என்ஜின். இதில் பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது. முக்கோண வடிவ ரோட்டர் ரெண்டு, அதுங்க சுத்த வைக்கிற ஒரு ஷாஃப்ட், அவ்வளவுதான். மொத்தமே 1.3 லிட்டர். ஆனா 160 குதிரைத்திறனைச் சுலபமா கொடுக்கும். ரொம்ப வேகமா சுத்துறதால, ப்ரொப்பெல்லருக்கு முன்னாடி வேகத்தைக் குறைக்க ஒரு கியர்பாக்ஸ் வேணும். தண்ணி ரேடியேட்டர் வேணும், பெரிய ஆயில் கூலரும் வேணும். அதெல்லாம் சேர்த்தும் நண்பன் ஷீட்டில் ரோட்டரி 20,000 டாலர் மலிவு.

"ஆனா எல்லாரும் ரோட்டரி மைலேஜ் கொடுக்காதுன்னு பயமுறுத்துறாங்க மச்சி." இதுதான் அவன் கேள்வி.

பயத்தில் நியாயம் இருக்கு. ரோட்டரியில் பெட்ரோல் எரியுற அறை நீளமா, தட்டையா இருக்கும். சுவரின் பரப்பு அதிகம். சூடு அந்தச் சுவர் வழியாவும் எக்ஸாஸ்ட் வழியாவும் வீணாகும், கொஞ்சம் பெட்ரோல் முழுசா எரியாமலே வெளியே போகும். ரோட்டர் முனையில் இருக்கிற சீல் தேயாம இருக்க, ஆயிலையும் கொஞ்சம் கொஞ்சமா எரிச்சுக்கிட்டே இருக்கும்.

ஆனா ரோட்டரியோட கெட்ட பேர் பெரும்பாலும் ஊருக்குள்ள ஓட்டிய காரில் வந்தது. சிக்னலில் நின்னு, மெதுவா ஊர்ந்து போறப்பதான் அது ரொம்பக் குடிக்கும். விமானம் அப்படி இல்லை. மேலே ஏறி முடிச்சதும் க்ரூஸ், அதாவது மணிக்கணக்கா ஒரே சீரான லோடு. ரோட்டரிக்கு அது வசதியான இடம். மாஸ்டாவே 2023-ல் ரோட்டரியைத் திரும்பக் கொண்டு வந்தப்போ, எம்எக்ஸ்-30 காரில் சக்கரத்தைச் சுத்தாம பேட்டரிக்கு கரண்ட் தயாரிக்கிற வேலையைத்தான் அதுக்குக் கொடுத்தாங்க.

இப்போ கணக்குக்கு வருவோம்

என்ஜினை ஒப்பிட ஒரு நேர்மையான அளவு இருக்கு: ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் கொடுக்க எத்தனை பவுண்ட் பெட்ரோல்? நண்பன் லைகமிங்குக்கு 0.43, ரோட்டரிக்கு 0.50 போட்டிருந்தான். ரெண்டும் நியாயமான அனுமானம்தான். க்ரூஸில் ரெண்டும் 120 குதிரைத்திறன் கொடுக்குதுன்னு வெச்சுக்குவோம். ஒரு கேலன் பெட்ரோல் சுமார் 6 பவுண்ட்.

லைகமிங்: மணிக்கு 8.6 கேலன், அதாவது சுமார் 32.6 லிட்டர்.
ரோட்டரி: மணிக்கு 10 கேலன், அதாவது சுமார் 37.9 லிட்டர்.

இந்த மாதிரி விமானம் அந்த பவரில் மணிக்கு சுமார் 300 கிலோமீட்டர் போகும். அப்படின்னா லைகமிங்குக்கு லிட்டருக்கு 9.2 கிலோமீட்டர், ரோட்டரிக்கு 7.9. 300 கிலோமீட்டர் வேகத்தில் பறந்துக்கிட்டு, டிராஃபிக்கில் மாட்டின எஸ்யூவி அளவுக்கு மைலேஜ். மோசமில்லை!

"பாத்தியா, ரோட்டரி தோத்துடுச்சு"ன்னு சொல்ல வர்றீங்க. கொஞ்சம் பொறுங்க.

காத்தோட எதிர்ப்பைத் தாண்ட வேண்டிய பவர், வேகத்தோட மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். வேகத்தை 10% குறைச்சா, தேவைப்படுற பவர் சுமார் 27% குறையும். அதே ரோட்டரியை 270-ல் ஓட்டுங்க. காகிதக் கணக்குப்படி லிட்டருக்கு 9.8 வரும். மெதுவா போறப்போ இறக்கை தூக்குறதுக்கே செலவாகும் எதிர்ப்பு கொஞ்சம் கூடும் என்பதால் நிஜத்தில் அவ்வளவு கிடைக்காது. ஆனாலும் 300-ல் போற லைகமிங்கைத் தொட்டுடும். 1,000 கிலோமீட்டர் பயணத்துக்கு இதனால் கூடுதல் நேரம் 22 நிமிஷம்.

ஆக, வேகத்தைச் சொல்லாம மைலேஜ் மட்டும் சொன்னா, அந்த நம்பருக்கு அர்த்தமே இல்லை. கலிஃபோர்னியாவில் 1980-களில் கேஃப் அமைப்பு நடத்திய சிக்கனப் பந்தயத்தில், மைலேஜோட வேகத்தையும் ஏத்திட்டுப் போற எடையையும் சேர்த்துப் பெருக்கித்தான் மார்க் போட்டாங்க. ஊர்ந்து போய் ஜெயிக்க முடியாது.

லிட்டர் வேற, காசு வேற

அடுத்த தப்பு, லிட்டரைக் காசுன்னு நினைக்கிறது. சின்ன விமானங்களுக்கான வழக்கமான பெட்ரோல் 100எல்எல். ஈயம் கலந்தது, விலை அதிகம். ரோட்டரியோ சாதாரண கார் பெட்ரோலிலேயே நல்லா ஓடும், நாக்கிங் தொல்லை குறைவு.

ஷீட்டில் விமான பெட்ரோல் கேலன் 6 டாலர், கார் பெட்ரோல் 4 டாலர். லைகமிங்குக்கு மணிக்கு 51.6 டாலர். ரோட்டரிக்கு வீட்டுப் பக்கத்தில் நிரப்பினா 40 டாலர். வெளியூர் ஏர்போர்ட்டில் பெரும்பாலும் விமான பெட்ரோல்தான் கிடைக்கும், அங்கே 60 டாலர். பாதிக்குப் பாதின்னு வெச்சா 50 டாலர். கிட்டத்தட்ட சமம்! (நியாயத்துக்குச் சொல்லணும்: லைகமிங்கிலும் கம்ப்ரஷன் குறைஞ்ச 150 குதிரைத்திறன் மாடலைக் கார் பெட்ரோலில் ஓட்டுறவங்க உண்டு.)

சரி, மோசமான நிலையையே எடுத்துக்குவோம். ரோட்டரிக்கும் எப்பவுமே விலை உயர்ந்த பெட்ரோல்தான். வித்தியாசம் மணிக்கு 8.4 டாலர். மிச்சமான 20,000 டாலரை அது தின்னு தீர்க்க 2,380 மணி நேரம் பறக்கணும். நண்பன் வருஷத்துக்கு 60 மணி நேரம் பறப்பான். கிட்டத்தட்ட 40 வருஷம்!

அப்போ மைலேஜ் பயம் வீண். ரோட்டரி வாங்கிடலாமா?

ஷீட்டில் இல்லாத மூணு வரி

ஆடிட்டில் நாங்க எழுதியிருக்கிறதை மட்டும் பார்க்க மாட்டோம். எழுதாம விட்டதைத் தேடுவோம்.

ஒண்ணு, சோதனைப் பறப்பு. சான்று பெற்ற என்ஜினும் ப்ரொப்பெல்லரும் சேர்ந்த ஜோடின்னா வழக்கமா 25 மணி நேரம், இல்லைன்னா 40 மணி நேரம் சோதனை ஓட்டம் முடிக்கணும். கூடுதல் 15 மணி நேரம், மணிக்கு 60 டாலர்: 900 டாலர்.

ரெண்டு, காலம். லைகமிங்குக்கு மவுன்ட், மூடி, குழாய் எல்லாம் கிட் கம்பெனியே அளவெடுத்து வெச்சிருப்பாங்க. ரோட்டரிக்குக் குளிரூட்டல், வயரிங், எரிபொருள் பம்ப் எல்லாம் நீங்களே யோசிச்சு, கழட்டி, திரும்ப மாட்டணும். ரேடியேட்டருக்குக் காத்து போற வழி சரியில்லைன்னா என்ஜின் சூடாகும், இல்லைன்னா எதிர்ப்பு கூடி க்ரூஸ் வேகம் போகும். ஒரு வருஷம் தள்ளிப்போனா, மாசம் 300 டாலர் ஷெட் வாடகை: 3,600 டாலர்.

மூணு, மறுவிற்பனை. கார் என்ஜின் போட்ட விமானத்தை வாங்க வர்றவங்க குறைவு, இன்ஷூரன்ஸும் சுலபமில்லை. பத்து வருஷம் கழிச்சு 15,000 டாலர் குறைச்சுத்தான் விலை போகும்னு வெச்சுக்குவோம். பத்து வருஷம் கழிச்சு வர்ற நஷ்டத்தை இன்னைக்கே முழுசா கழிக்கிறது நியாயமில்லை. 6% தள்ளுபடி போட்டா இன்றைய மதிப்பு சுமார் 8,400 டாலர்.

20,000-ல் இந்த மூணையும் கழிங்க. மிச்சம் 7,100 டாலர். அந்த ஒரு வருஷத்தில் வார இறுதியெல்லாம் சேர்த்து 500 மணி நேரம் கூடுதலா உழைக்கணும்னா, மணிக்கு 14 டாலர் கூலி. சாஃப்ட்வேர் சம்பளம் வாங்குற ஆளுக்கு இது மிச்சமா?

இன்னொண்ணு. ரோட்டரிக் கட்சிக்காரங்க "உள்ளே உடையுறதுக்கே ஒண்ணும் இல்லை"ன்னு சொல்வாங்க. சரிதான். ஆனா சுத்தி இருக்கிற கியர்பாக்ஸ், பம்ப், தண்ணி ஹோஸ் எல்லாம் உங்க கைவேலை. அதில் ஒண்ணு போனாலும் வானத்தில் ஓரம் கட்டி நிறுத்த முடியாது. அதுக்கு எக்ஸெலில் செல் கிடையாது.

என் கதை

உபதேசம் பண்றதுக்கு முன்னாடி என் தப்பையும் சொல்லிடுறேன். 2016-ல் நான் டீசல் கார் வாங்கினேன். காரணம், மைலேஜ். பெட்ரோல் மாடலைவிட 1.2 லட்சம் அதிகம். கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் மிச்சம். 80,000 கிலோமீட்டர் ஓடினாத்தான் போட்ட காசு திரும்பும். அஞ்சு வருஷத்தில் நான் ஓட்டினது 32,000. ஊருக்கெல்லாம் பிரேக் ஈவன் சொல்லிக் கொடுக்கிற ஆள், சொந்தக் காசு 72,000 ரூபாயைக் கோட்டை விட்டேன். உண்மை என்னன்னா, அந்தக் காரோட இழுவை எனக்குப் பிடிச்சிருந்தது. அதை ஒத்துக்க மனசில்லாம மைலேஜ் மேல பழி போட்டேன்.

நண்பன்கிட்டயும் இதையேதான் சொன்னேன். "டேய், ரோட்டரியைக் கழட்டி மாட்டுறதே உனக்குச் சந்தோஷம்னா தாராளமா பண்ணு. ஆனா அதை 'மிச்சம்'ங்கிற காலத்தில் எழுதாதே. 'ஆசை'ன்னு எழுது. எழுதி, வீட்டுல காட்டு. டவுன் பேமென்ட் எத்தனை மாசம் தள்ளிப்போகும்னு ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணுங்க."

ரெண்டு நாள் பதில் இல்லை. அப்புறம் திருத்தின ஷீட் வந்தது. "ஆசை"ன்னு ஒரு காலம் சேர்த்திருந்தான். முடிவுக்கான செல்லை மட்டும் காலியா விட்டிருந்தான். அதை நிரப்ப வேண்டியது நான் இல்லை.

உங்களுக்கும் இதேதான். பைக், இவி, ஏசி, எதுவானாலும் "எவ்வளவு மிச்சமாகும்?"னு விளம்பரம் சொன்னா, மூணு கேள்வி கேளுங்க.

1. இந்த நம்பர் எந்த வேகத்தில், எந்த உபயோகத்தில் வந்தது?
2. நான் வருஷத்துக்கு நிஜமா எவ்வளவு உபயோகிக்கப் போறேன்?
3. கணக்கில் எழுதாம விட்ட வரி எது?

மூணுக்கும் பதில் எழுதின பிறகும் வாங்கணும்னு தோணுதா? வாங்குங்க. ஆசைக்குச் செலவு பண்றது தப்பே இல்லை. ஆசையை மிச்சம்னு சொல்லி நம்மளையே ஏமாத்திக்கிறதுதான் தப்பு.

நீங்க மைலேஜை நம்பி ஏமாந்த கதை இருந்தா கமென்ட்டில் எழுதுங்க. இந்த பிரேக் ஈவன் கணக்கை ஸ்டெப் ஸ்டெப்பா போட்டு அடுத்த வீடியோவில் காட்டுறேன்.