இல்லறக் கணக்கு: பயண அட்டையும் பாதிக் கட்டணமும்

சென்ற திங்கள் சமையல் எரிவாயுச் சிக்கனத்தைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த சென்னைச் சகோதரி ஒருவர், “அடுப்பில் நான் மிச்சம் பிடிப்பதையெல்லாம் என் கணவரும் மகளும் பயணத்தில் கரைத்துவிடுகிறார்கள், அதற்கு வழியில்லையா?” என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. கணவர் விம்கோ நகரிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையத்தருகே வேலைக்குச் செல்பவராம். நாள்தோறும் மெட்ரோ இரயில்தான். நாள்தோறும் சாளரத்தில் நின்று காகிதச்சீட்டு வாங்குவதுதான் வழக்கமாம்.

மெட்ரோவில் 21 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்குக் கட்டணம் 50 ரூபாய். போகவும் வரவும் 100. மாதத்தில் 25 நாட்களுக்கு 2,500 ரூபாய் ஆகிறது. பயண அட்டை வைத்திருப்போருக்கு நூற்றுக்கு இருபது தள்ளுபடி உண்டு. அதே பயணம் 2,000 ரூபாயில் முடிந்துவிடும். மாதம் 500 ரூபாய் என்பது ஒரு வீட்டின் பால் செலவில் பாதியாவது இருக்குமல்லவா? 2021 பிப்ரவரியில் உச்சக் கட்டணம் 70 ரூபாயிலிருந்து 50 ஆகக் குறைக்கப்பட்டபோது, ஞாயிறு முதலிய விடுமுறை நாட்களில் அட்டைக்காரர்களுக்குப் பாதிக் கட்டணம் என்ற சலுகையும் அறிவிக்கப்பட்டது. உறவினர் இல்லங்களுக்குக் குடும்பத்தோடு சென்று வர அந்நாட்களையே தேர்ந்துகொள்வது நலம்.

2025 ஆகஸ்டு முதல் நாளிலிருந்து மெட்ரோவின் பழைய அட்டைகளில் பணம் ஏற்றும் வழக்கம் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது வாங்கவேண்டியது ‘சிங்காரச் சென்னை’ அட்டை. 2025 ஜனவரி முதல் மாநகரப் பேருந்துகளிலும் அதைக் காட்டிச் சீட்டுப் பெறலாம். பேருந்தில் அதன் பயன் சில்லறைத் தொல்லை தீர்வதுதான். ஆயினும் நடத்துநரிடம் நாலு பேச்சுக் கேட்காமல் இறங்குவதும் ஒரு லாபமே.

இவ்வட்டையில் நாமே ஒருமுறை இடறினோம். வீட்டிலிருந்தபடியே கைப்பேசியில் பணம் செலுத்திவிட்டு, மிடுக்காகச் சென்று வாயிற்கதவில் அட்டையை வைத்தோம். கதவு திறக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினர். விசாரித்த பிறகே விளங்கிற்று: இணையவழி செலுத்திய பணம் தானாக அட்டைக்குள் ஏறிவிடாது. நிலையத்திலுள்ள இயந்திரத்திலோ சாளரத்திலோ அட்டையைக் கொடுத்து, தொகையை அதனுள் பதிவுசெய்துகொள்ள வேண்டும். பிழை நம்முடையதே.

மேலும் ஒன்று. அட்டைக்குள் ஏறிய பணம் சட்டைப்பையிலுள்ள ரொக்கம் போன்றது, தொலைந்தால் தொலைந்ததுதான். ஆகவே ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் ஏற்றுங்கள். ஒரே அட்டையில் கணவனும் மனைவியும் ஒருவர்பின் ஒருவராக நுழையவும் இயலாது. ஆளுக்கோர் அட்டை வேண்டும்.

எப்போதோ ஒருமுறை செல்வோருக்கு அட்டையே தேவையில்லை. கைப்பேசியிலே வாட்ஸ்அப் வழியாகச் சீட்டு எடுத்தாலும் அதே இருபது விழுக்காடு குறைகிறது. கைப்பேசியும் அறியாது, அட்டையும் அறியாது, முந்தானையில் முடிந்த காசோடு சாளரத்துக்கு வரும் பாட்டிதான் முழுக் கட்டணம் செலுத்துகிறார். சலுகை அதிகம் தேவைப்படுவோர்க்கே அது எட்டாமல் போவது நமக்கு உறுத்தலாகவே இருக்கிறது. வீட்டிலுள்ள இளைஞர்கள் அவருக்கொரு சீட்டு எடுத்துக் கொடுக்கலாமே!

அட்டையைக் காட்டிலும் பெரிய சிக்கனம் சில வேளைகளில் கால்களில் இருக்கிறது. கட்டணம் தூரத்துக்கேற்பப் படிப்படியாக ஏறுகிறது: 2 கிலோமீட்டர் வரை 10 ரூபாய், 5 வரை 20, 12 வரை 30, 21 வரை 40. உங்கள் பயணம் 12 கிலோமீட்டரைச் சற்றே தாண்டுகிறதா? ஒரு நிலையம் முன்னதாக இறங்கி நடந்தால், அட்டைக் கணக்கில் 32 ரூபாய் 24 ஆகிவிடும். இருவேளைக்கு 16, இருபத்தைந்து நாட்களுக்கு 400. முழங்கால் நலமாயிருப்பவர்களுக்கே இதைச் சொல்கிறோம்.

அட்டைதான் எப்போதும் மலிவு என்று எண்ணிவிடவும் வேண்டாம். கிண்டியிலிருந்து எழும்பூருக்கு மெட்ரோவும் உண்டு, புறநகர் மின்வண்டியும் உண்டு. மின்வண்டியின் மாதச்சீட்டோடு ஒப்பிட்டால் எந்தத் தள்ளுபடியும் நிற்காது. ஆனால் காலை நெரிசலைத் தாங்க வேண்டும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமே இல்லை. பல பேருந்துகள் மாறி மாறி அலையும் ஆண்களுக்கு, மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் ஆயிரம் ரூபாய் மாதச்சீட்டு உண்டு. குளிர்சாதனப் பேருந்து மட்டும் அதில் சேராது.

இனி அச்சகோதரிக்கு நம் மறுமொழி. கணவர்க்கு இன்றே ஓர் அட்டை வாங்கிக் கொடுங்கள். மகளின் கல்லூரி வழியில் கட்டணமில்லாப் பேருந்து எத்தனை மணிக்கு வருகிறதென்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். அது கால்மணி நேரம் முந்தியிருந்தால், அவளை எழுப்பும் பொறுப்பு உங்களுடையது. தாங்கள் எப்போதாவதுதான் வெளியே செல்வதாக எழுதியிருக்கிறீர்கள். தங்களுக்கு அட்டை வேண்டாம். மகளிடம் சொல்லிக் கைப்பேசியில் சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.