எட்டுக் குரோனுக்கு ஒரு மார்க்கு

சிறுநாடு தனித்து நின்றால் பட்டினியாற் சாகும் என்று அடிமை மனத்தர் அன்றும் ஓதினர், இன்றும் ஓதுகின்றனர். அவர்கள் எசுத்தோனியாவின் கணக்கை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும்!

பதினைந்து இலக்கம் மக்களே வாழ்ந்த அந்நாடு 1991 ஆகசுட்டில் விடுதலை பெற்றது. உடன் வந்தது வறுமை, மறைக்க வேண்டா. மாசுகோ அச்சிட்ட உரூபிளே அங்கும் வழங்கியதால் 1992-இல் விலைகள் பத்து மடங்கு ஏறின. கடுங்குளிரில் வீடுகளைச் சூடேற்ற எரிபொருள் போதவில்லை. இந்நோய்க்கு வேர் விடுதலையா? பிறன் அச்சிட்ட தாளன்றோ!

பன்னாட்டுப் பண நிதியம் முதலில் பொறுத்திருக்கவே சொல்லிற்று. அவர்கள் பொறுக்கவில்லை. 1992 சூன் 20-இல் தம் குரோனை வெளியிட்டனர். ஆளுக்கு 1500 உரூபிள் வரை கொடுத்து, பத்துக்கு ஒன்றாக 150 குரோன் பெற்றனர். எட்டுக் குரோன் ஒரு செருமானிய மார்க்கு என வரம்பிட்டனர். கையிருப்பை மிஞ்சி அச்சிடச் சட்டம் இடந்தரவில்லை. அக் கையிருப்புக்கு அடித்தளம், 1940-க்கு முன் அயல்நாடுகளில் வைத்திருந்த பொன்! (காவலுக்கு வாங்கிய பிரித்தானியா அதனை 1960-களில் விற்றே விட்டது, 1992-இல்தான் ஈடு தந்தது.)

நூறு குரோன் தாளில் எவர் முகம்? பாவலர் இலிடியா கொய்துலாவின் முகம். இலெனின் தலை இருந்த இடத்தில் தாய்மொழிப் பாவலர்!

துன்பம் உடனே தீர்ந்துவிடவில்லை. முதியோரின் சிறுவாடு கரைந்தது, ஆலைகள் மூடின. 1995 அளவில்தான் பொருளியல் நிமிர்ந்தது. 2011-இல் குரோனை விட்டு யூரோவை ஏற்றனர். நமக்கு அதில் மகிழ்ச்சியில்லை. ஆயினும் அம்முடிவைத் தாலினில் எடுத்தனர்; மாசுகோவில் எவரும் எடுக்கவில்லை.